செடியோடு வராதீர்கள்: மூடிய ஆலை நிலத்தைப் பூங்காவாக்க நினைப்பவர்களுக்கு

மூடிக் கிடக்கும் மில்லை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஒருநாள் இந்த ஆசை வந்தே தீரும். சுவருக்கு அந்தப்பக்கம் சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கும். இந்தப்பக்கம் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடிக்கொண்டு, ஆட்டோ வரும்போதெல்லாம் ஓரம் ஒதுங்குவார்கள். டீக்கடையில் நான்கு பேர் கூடினால் பேச்சு அங்கே போய் நிற்கும். அடுத்த வாரமே யாராவது ஒருவர் நாற்றுப்பண்ணையில் இருந்து நூறு செடிகளைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

எங்கள் பகுதியில் அந்த ஒருவர் நான்தான். ஒரு ஏக்கர் பதினைந்து சென்ட் இடம். ஜூன் ஐந்தாம் தேதி, பேனர் கட்டி, புகைப்படம் எடுத்து, 120 செடிகள் நட்டோம். ஆடிக்காற்று பாதியைச் சாய்த்தது. மீதிச் செடிகளின் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக வெளுத்தன. சித்திரையில் எண்ணிப் பார்த்தபோது ஒன்பது இருந்தன. செத்த ஒரு புங்கனைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் ஓரடிக்குக் கீழே போகாமல் பக்கவாட்டில் வளைந்து கிடந்தது. அடியில் இடித்துத் தள்ளிய தளத்தின் கான்கிரீட். சிமெண்ட் இடிபாடு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இலை வெளுத்ததற்குக் காரணம் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

ஆகவே, புதிதாக இறங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது: முதல் ஒரு வருடம் செடி நடாதீர்கள். அந்த ஒரு வருடத்துக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது.

நிலம் யாருடையது

கொங்கு நாட்டில் சும்மா கிடக்கும் தொழிற்சாலை நிலங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அரசு நிறுவனத்தின் நிலம் முதல் வகை. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. கோவை நகருக்குள்ளேயே அப்படிப்பட்ட ஆலைகள் உண்டு. அந்த நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் இடம் டெல்லி. நான்கு தெருக்காரர்கள் மனு கொடுத்து அதை மாற்ற முடியாது. மும்பையில் 1991இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: ஆலை நிலத்தை விற்றுக் கட்டடம் கட்டுவதானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001இல் அந்த விதியைத் திருத்தி, ஏற்கெனவே காலியாக இருக்கும் இடத்துக்கு மட்டும் இந்தப் பங்கீடு பொருந்தும் என்றார்கள். கட்டடம் நின்ற இடமெல்லாம் கணக்கில் இருந்து நழுவியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2006இல் அந்தத் திருத்தமே செல்லும் என்று தீர்ப்பானது. ஒரு வரித் திருத்தத்தில் எத்தனை பூங்கா போயிற்று என்று பாருங்கள். நம் ஊர் ஆலை நிலங்களுக்கு நாளை ஏதாவது கொள்கை வந்தால் அதன் ஒவ்வொரு வரியையும் படிக்க ஒரு ஆள் வேண்டும். அது நீங்களாக இருக்கலாம். ஆனால் முதல் பூங்காவை அங்கே தொடங்காதீர்கள்.

இரண்டாவது, தனியார் ஆலை. வங்கிக் கடன், தொழிலாளர் நிலுவை, பங்காளி வழக்கு என்று மூன்றில் ஒன்றாவது அதன் கழுத்தில் தொங்கும். உரிமையாளர் நல்லவராகவே இருந்து, 'தாராளமாக மரம் வையுங்கள்' என்று வாயால் சொன்னாலும் வைக்காதீர்கள். ஐந்து வருடம் கழித்து ஏலத்தில் எடுத்தவர் பொக்லைனோடு வருவார்.

மூன்றாவது வகைதான் நமக்கு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தன. அதன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல், மனைப்பிரிவு போடுபவர் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் இடமுண்டு. பழைய மில்லை வாங்கி மனை போடும்போது இந்தப் பத்து சதவீதம் எங்கே போய் விழும் என்று சொல்லவே வேண்டாம். விற்க முடியாத மூலையில், பாய்லர் இருந்த இடத்தில், கழிவுநீர்த் தொட்டி இருந்த இடத்தில். எங்களுக்கு வாய்த்ததும் அப்படி ஒரு மூலைதான். ஆனாலும் அது சட்டப்படி பொது இடம். யாரும் பிடுங்க முடியாது.

பார்க்க வேண்டிய காகிதங்கள்: பட்டா, 'அ' பதிவேடு, புலப்பட வரைபடம், வில்லங்கச் சான்றிதழ், மனைப்பிரிவு ஒப்புதல் வரைபடம், தானப்பத்திரத்தின் நகல். முதல் நான்கும் இணையத்திலேயே கிடைக்கும். தானப்பத்திரம் பதிவாகியும் பட்டா இன்னும் பழைய பெயரில் இருப்பது இங்கே சர்வசாதாரணம். பெயர் மாற்றம் நடக்கும்வரை கடப்பாரையைத் தொடாதீர்கள். பிறகு 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உங்கள் இடத்தையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். பழைய சட்டம்தான், ஆனால் நாளைக்கு யாராவது அங்கே சமுதாயக் கூடமோ தண்ணீர்த் தொட்டியோ கட்ட வரும்போது கையில் இருக்கும் காகிதம் அதுதான்.

அங்கே என்ன நடந்தது

கோவையின் முதல் நூற்பாலை 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு ஆலைகள் வரிசையாக முளைத்தன. ஆலை எந்திரத்தைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் வந்தன. பட்டறைக்கு வார்ப்படம் வேண்டும் என்று பவுண்டரிகள். பிறகு மோட்டார், பம்ப், கிரைண்டர், முலாம் பூசும் பட்டறை. இந்த வரலாறு நமக்கு எதற்கு என்றால், ஒரே சர்வே எண்ணில் இதில் மூன்று தொழில் அடுத்தடுத்து நடந்திருக்கும். சுவரில் 'மில்' என்று எழுதியிருப்பதால் மண்ணில் பஞ்சுதான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

நூற்பாலை மட்டும் நடந்த இடம் ஓரளவுக்குச் சுத்தம். டீசல், மசகு எண்ணெய், பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மின்மாற்றி மேடை இவைதான் கவலை. பழைய மின்மாற்றி எண்ணெயில் பி.சி.பி. என்ற நச்சு இருக்க வாய்ப்புண்டு. இன்னொன்றும் உண்டு: நூல் அறுந்துபோகாமல் இருக்க நூற்பாலைக்குள் ஈரப்பதம் வேண்டும். அதற்கான காற்றை இழுக்கத் தளத்துக்குக் கீழே ஆள் நடமாடும் அளவுக்குப் பெரிய கால்வாய்கள் ஓடும். கூரையைப் பிரித்து விற்றவர்கள் அவற்றை மூடுவதில்லை. மேலே புல் முளைத்திருக்கும். காலை வைத்தால் உள்ளே போய்விடும்.

பவுண்டரி என்றால் கருமணல். வார்ப்பு அச்சுக்குப் பயன்பட்டுத் தீர்ந்த மணலை வெளியே கொண்டுபோகச் செலவாகும் என்று பின்பக்கத்திலேயே கொட்டி நிரவியிருப்பார்கள். அதோடு இரும்புக் கிட்டம், கரித்தூள், சில இடங்களில் பிசின் கலந்த மணல், ஈயமும் துத்தநாகமும் சேர்ந்த உலைத்தூசி.

முலாம் பட்டறை இருந்திருந்தால் அதுதான் மிக மோசம். குரோமியம், நிக்கல், அமிலம், சயனைடு உப்பு. இடம் சிறியதாக இருக்கும். விஷம் பெரியதாக இருக்கும்.

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை, சலவைப்பட்டறை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உத்தரவை அந்த ஊரில் இன்றும் யாரும் மறக்கவில்லை. அங்கே மண்ணின் நோய் உப்பு. சாயம் துணியில் பிடிக்க மூட்டை மூட்டையாகப் போட்ட உப்பு முழுக்க மண்ணிலும் கிணற்றிலும் இறங்கியிருக்கிறது. பங்குனியில் போய்ப் பார்த்தால் தரையில் வெள்ளைப் பொருக்கு பூத்திருக்கும். மூலையில் மூட்டை கட்டி அடுக்கிய சாயக் கசடு இருந்தால் கையை வைக்காதீர்கள். அது அபாயக் கழிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய தொழிற்சாலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையின் நகலையும், தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்திடம் இருக்கும் கட்டட வரைபடத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, முப்பது நாளில் பதில். வரைபடத்தில் எந்த எந்திரம் எங்கே நின்றது என்பது வரை இருக்கும்.

அதைவிட நல்ல வழி, அங்கே வேலை பார்த்தவரை அழைத்துவருவது. எங்கள் இடத்தின் கடைசிக் கதை ஒரு பவுண்டரி என்று தெரிந்ததும், அங்கே முப்பது வருடம் அச்சு வார்த்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தோம். வயது எழுபத்தெட்டு. வந்தவர் செருப்பைக் கழற்றப் போனார். கண்ணாடித் துண்டு கிடக்கிறது, வேண்டாம் என்றோம். 'வேலைக்கு வருகிற இடத்தில் செருப்புப் போட்டுப் பழக்கமில்லை கண்ணு' என்றார். பிறகு கையை நீட்டிக்கொண்டே நடந்தார். இங்கே உலை. இங்கே மணல் சலிக்கிற இடம். இங்கே டைம் ஆபீஸ், அதற்கு எதிரே ஷிப்டுக்கு ஊதும் சங்கு. ஒரு ஆமணக்குப் புதருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். 'இங்கே நான்கு வருடம் வேறு ஒருத்தர் வாடகைக்கு இருந்து குரோம் முலாம் போட்டார். தொட்டியை அப்படியே மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார். இந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள் சாமி.'

எந்தக் காகிதத்திலும் அந்த நான்கு வருடம் இல்லை.

மண் பரிசோதனை

உழவர்களுக்கான வழக்கமான மண் பரிசோதனை வேறு, இது வேறு. வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ வேளாண் துறையிலோ ஒரு பையைக் கொடுத்தால் கார அமில நிலை, உப்பு, தழை, மணி, சாம்பல் சத்து சொல்வார்கள். அதுவும் வேண்டும். ஆனால் அந்தத் தாளில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வந்தாலும் ஈயமும் குரோமியமும் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கன உலோகங்கள், எண்ணெய்ச் சேர்மங்கள், ஆறு இணைதிறன் குரோமியம் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கேட்க வேண்டும். மொத்தக் குரோமியம் மட்டும் பார்த்தால் போதாது. விஷம் ஆறு இணைதிறன் வடிவத்தில்தான்.

மாதிரி எடுப்பதில் புதியவர்கள் செய்யும் தவறு, தோட்டத்துக்குச் செய்வதுபோல் பத்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலப்பது. அப்படிக் கலந்தால் ஒரு மூலையின் விஷம் ஒன்பது மூலையின் நல்ல மண்ணில் கரைந்து மறைந்துவிடும். இடத்தை இருபது மீட்டர் கட்டங்களாகக் கோடு போடுங்கள். கட்டத்துக்கு ஒரு குழி. சந்தேகமான இடத்தில் கூடுதலாக இரண்டு. ஒவ்வொரு குழியிலும் மேல்மண் தனி, அடியில் நிறம் மாறும் ஒவ்வொரு அடுக்கும் தனி. துத்தநாக முலாம் பூசிய வாளியோ கரண்டியோ கூடாது, துத்தநாகம் ஏறிவிடும். இன்னொரு மாதிரியைப் பக்கத்தில் உள்ள பழைய கோவில் நந்தவனம்போல் தொழில் எதுவும் நடக்காத இடத்தில் எடுங்கள். ஆய்வகம் தரும் எண்களைப் படிக்க அந்த ஒப்பீடு உதவும்.

எங்கள் மூன்றாவது குழியை மட்டும் சொல்கிறேன். பொக்லைன் ஒரு வெட்டு வெட்டியதும் சுவர்போல் அடுக்கு தெரிந்தது. மேலே ஒரு சாண் சிவப்பு கிராவல். மனை போட்டவர் பார்வைக்கு நிரவியது. அதன்கீழ் இரண்டரை அடிக்குக் கருமணல். நடுநடுவே புட்டிக் கண்ணாடிபோல் பச்சையாக மின்னும் கிட்டம், வேகாத கரித்துண்டு, துருப்பிடித்த ஆணி. அதற்கும் கீழே மண்ணெண்ணெய் வாடை வந்த ஒரு பழுப்பு அடுக்கு. பிறகுதான் நம் ஊர் வெள்ளைச் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல். கையில் எடுத்த சுக்கான் கல்லில் மட்டும் வாடை இல்லை.

நம் பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணுக்கு ஒரு நல்ல குணமும் ஒரு கெட்ட குணமும் உண்டு. ஈயம், துத்தநாகம், நிக்கல் போன்றவை கார மண்ணில் அவ்வளவாக நகராது, இருந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஆறு இணைதிறன் குரோமியம் காரத்தில்தான் சுலபமாக ஓடும். மக்கிய எரு போன்ற கரிமப்பொருள் அதை விஷம் குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்ற உதவும். சின்ன அளவுக்கு அது சரி. புதைந்த முலாம் தொட்டிக்குச் சாண எரு மருந்தாகாது.

முடிவு மோசமாக வந்தால் மறைக்காதீர்கள். மாசுபட்ட இடங்களைக் கையாள்வதற்கென்றே மத்திய அரசு 2025இல் தனி விதிகள் வெளியிட்டிருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடத்தைத் தெரிவிப்பது, வாரியம் ஆய்வு செய்வது, மாசுபடுத்தியவரிடம் செலவை வாங்குவது ஆகியவற்றுக்கு அதில் வழி இருக்கிறது. எங்கள் தொட்டி மூலையை நாங்கள் எழுத்தில் தெரிவித்து, வேலி போட்டுத் தனியாக ஒதுக்கிவிட்டோம். ஏழு சென்ட் போயிற்று. போகட்டும்.

அள்ளுவதா, மூடுவதா

எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் எங்காவது கொட்டிவிடலாம் என்று முதலில் தோன்றும். எங்கே கொட்டுவீர்கள்? திருப்பூர்க்காரர்களைக் கேளுங்கள்: பக்கத்துப் பாறைக்குழி. அது அடுத்த ஊர்க்காரன் கிணற்றில் போய்ச் சேரும். முறையாக அனுப்புவதானால் அபாயக் கழிவுக்கான நிலநிரப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. கோவையில் இருந்து லாரி வாடகையைக் கணக்குப் போட்டால் உண்மையிலேயே விஷமான கொஞ்ச மண்ணை மட்டும்தான் அனுப்புவீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகடும் அந்தக் கணக்கில்தான் வரும். உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாக இறக்கி, பாலித்தீனில் சுற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து நொறுக்கும் பழைய இரும்புக்காரரை உள்ளே விடாதீர்கள்.

மிச்சத்தை மூடலாம். ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரில் 1985இல் நின்றுபோன இரும்பாலையைப் பூங்காவாக்கியவர்கள், உலையை இடிக்கவில்லை. மிகவும் கெட்டுப்போன மண்ணைப் பழைய தாதுக் கிடங்குகளுக்குள்ளேயே போட்டு மூடி, மற்ற கிடங்குகளில் தோட்டம் போட்டார்கள். எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து எரிவாயு ஆலைப் பூங்கா 1975இல் திறந்தது. அங்கே மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தப்படுத்தும் வேலை இன்னும் ஓயவில்லை. திறப்பு விழாவோடு வேலை முடியும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

நம் அளவுக்குச் செய்யக்கூடியது: கருமணல் மேல் கண்ணில் படும் நிறத்தில் ஒரு துணிவிரிப்பு. நாளை யாராவது தோண்டினால் 'இதற்குக் கீழே போகாதே' என்று அது சொல்லும். அதன்மேல் புல்லுக்கும் குறுஞ்செடிக்கும் இரண்டடி நல்ல மண், மரத்துக்கு நான்கடி. நடைபாதையும் பந்து மைதானமும் கெட்ட மண்ணின்மேல் வரட்டும். மரமும் மணல்தொட்டியும் சுத்தமான பக்கம் இருக்கட்டும். மண் வாங்கும்போது குளத்து வண்டல் என்று சொல்லி எதையாவது இறக்குவார்கள். சாக்கடை சேரும் குளத்து வண்டலையும் சோதிக்க வேண்டும். நாங்கள் ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினோம்.

தண்ணீர்

மழைநீர் உறிஞ்சுகுழி வெட்டுங்கள் என்று வருகிறவர் எல்லாம் சொல்வார். வெட்டாதீர்கள். கெட்ட மண்ணில் உறிஞ்சுகுழி என்பது விஷத்தை நிலத்தடி நீருக்குக் கொண்டுசேர்க்கும் குழாய். மழைநீரைக் கூரையில் இருந்து தொட்டிக்குப் பிடிப்பதே இங்கே சரி. ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், 200 சதுர மீட்டர் கூரையில் இருந்து சேதாரம் போக ஒரு லட்சம் லிட்டர் வரும். எங்கள் பழைய சைக்கிள் ஷெட்டின் கூரையை அதற்காகவே விட்டுவைத்தோம்.

ஆழ்துளைக் கிணறு இருந்தால் நீரையும் சோதியுங்கள். நொய்யல் ஆற்றோரமாக இருந்தால் உப்பு இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தண்ணீர் ஊற்றினால் நீங்களே அந்த நிலத்தை இரண்டாம் முறை கெடுத்தவர் ஆவீர்கள். உப்பும் சோடியமும் ஏறிய மண்ணுக்கு ஜிப்சம் போட்டு நல்ல நீரால் கழுவி இறக்க வேண்டும். நீர் வடிய வழியும் வேண்டும்.

மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்று பெயர் எழுதிய பிறகு செடி எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். எங்களிடம் ஒரே ஒருவர் இருந்தார். ஆகவே எண்பது செடி.

இனி நடலாம்

நடவுக்கு நாள் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல் மழை. ஜூன் ஐந்தாம் தேதி பேனருக்கு நல்ல நாள். பாலக்காட்டுக் கணவாயில் இருந்து காற்று அடிக்கத் தொடங்கும் நேரத்தில் செடிக்கு அல்ல. இந்தக் காற்றில்தான் அம்மியே பறக்கும் என்கிறார்கள்.

எதை நடுவது என்று தேட வேண்டாம், நம் கொறங்காட்டைப் பாருங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் காடுகளில் வெள்வேல், அடியில் கொழுக்கட்டைப்புல், சுற்றி கிளுவை உயிர்வேலி. வானம் பார்த்த பூமியில் நூற்றாண்டுகளாகத் தேறிய கூட்டணி அது. கிளுவைப் போத்தை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். கம்பிவேலிச் செலவும் மிச்சம். அதோடு வேம்பு, புங்கன், வாகை, ஆச்சா, உசிலை, பூவரசு, சரக்கொன்றை, ஓரங்களில் ஆவாரை, நொச்சி. உப்பு மண்ணானால் உகா. ஆல், அரசு வேண்டுமென்றால் சுவரில் இருந்தும் மூடிய அடுக்கில் இருந்தும் தள்ளி. கீரை, முருங்கை, கொய்யா எதுவும் வேண்டாம்; பூங்காவில் காய்த்தால் பிள்ளைகள் பறித்துத் தின்னாமல் இருக்க மாட்டார்கள். ஆடு மேய்ப்பவரிடமும் இங்கே மேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்வார்; புல் அறுத்துத் தருவதாகச் சொல்லி ஏமாற்றவும் கூடாது, ஏனென்றால் அந்தப் புல்லும் அதே மண்ணில் முளைத்ததுதான்.

மியாவாக்கி அடர்காட்டைப் பற்றிக் கேட்பீர்கள். சதுர மீட்டருக்கு மூன்று நான்கு செடி நெருக்கி நட்டால் சீக்கிரம் பச்சையாகத் தெரியும். நன்கொடையாளருக்குக் காட்ட வசதி. நல்ல மண் ஆழமாக உள்ள இடத்தில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் மாலையில் பெண்கள் தனியாக நடக்க வேண்டிய இடத்தில் உள்ளே யார் நிற்கிறார் என்று தெரியாத புதரை நான் வளர்க்க மாட்டேன். கண்மட்டத்துக்குத் தண்டு மட்டும், தலைக்கு மேல் நிழல். அதுவே பூங்காவுக்கு அழகு.

சில இடங்களைப் பூங்காவாக்கவே கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோவை அருகே தடாகம் பள்ளத்தாக்கில் 2021இல் செங்கல் சூளைகள் மூடப்பட்டன. அந்தச் செம்மண் குழிகளைப் பார்த்துவிட்டு நடைபாதை, விளக்கு என்று திட்டம் தீட்டி ஒருவர் என்னிடம் வந்தார். அது யானை நடக்கும் பக்கம். குழியின் செங்குத்து விளிம்பைச் சரித்துவிட்டு, மழைக்கு விட்டுவிட்டு, நாம் வெளியே வந்துவிட வேண்டிய இடம். தண்ணீர் நிற்கும் பாறைக்குழியானால் முதல் செலவு வேலிக்கு. குப்பை கொட்டி நிரப்பிய குழியானால் அடியில் எரிவாயு சேரும், தரை பல வருடம் அமுங்கிக்கொண்டே இருக்கும். அங்கே கட்டடமும் வேண்டாம், பெருமரமும் வேண்டாம்.

பணம்

'நமக்கு நாமே' திட்டத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதி அரசு. பெரிய ஆலைகள் உள்ள ஊர். சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய நிறுவனங்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆனால் எல்லோரும் செடிக்கும் கல்வெட்டுக்கும் கொடுப்பார்கள். மண் பரிசோதனைக்கும் தண்ணீர்க்காரர் சம்பளத்துக்கும் கொடுக்க மாட்டார்கள். ஆகவே கேட்கும்போது அதைத் தலைகீழாகக் கேளுங்கள்: முதலில் மூன்று வருடச் சம்பளம், பிறகு கல்வெட்டு. எங்களுக்கு ஒரு நிறுவனம் சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கி ஒன்றும் முயல் வடிவக் குப்பைத்தொட்டி ஆறும் தருவதாகச் சொன்னது. முயலில் இரண்டை வாங்கிக்கொண்டோம். பிள்ளைகளுக்கு அவற்றை மிகவும் பிடித்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எதை விட்டுவைப்பது

இருந்த தொழிலின் தடயம் ஏதாவது ஒன்று அங்கேயே இருக்கட்டும். கருங்கல் சுவரோ, வடக்கு வெளிச்சத்துக்குச் சாய்த்த கூரையின் ஒரு வரிசையோ, எடைத் தராசோ. சைக்கிள் ஷெட் போக எங்களிடம் மிஞ்சியது சங்குக் கம்பம் மட்டும். துருவைச் சுரண்டி, ஈயம் இல்லாத வண்ணம் அடித்து, அடியில் வட்டத் திண்ணை கட்டினோம். அதில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப்பேர் அந்தச் சங்குச் சத்தத்துக்கு ஷிப்ட் போனவர்கள்.

கழிவறையும் விளக்கும் செடிக்கு முன்பே வேண்டும். எட்டு வடிவ நடைபாதை வேண்டும் என்று மனு வரும். கொடுத்துவிடுங்கள், சண்டை போட வேறு விஷயங்கள் இருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேல்மண்ணை மறுபடி சோதித்து, முடிவை வாசலில் ஒட்டுங்கள். மூடிய மண் அரித்துத் துணிவிரிப்பு எங்காவது தெரிகிறதா என்று ஒவ்வொரு மழைக்குப் பின்பும் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும்.

பூட்டுக்குச் சாவி இரண்டு செய்யுங்கள். ஒன்று அலுவலகத்தில் இருக்கும், அது வேண்டிய நேரத்தில் கிடைக்காது. மற்றொன்று விடிகாலையில் எப்படியும் விழித்திருக்கும் ஒருவரிடம் இருக்க வேண்டும். எங்கள் சாவி எதிர்வீட்டுப் பூக்கட்டும் அம்மாவிடம் இருக்கிறது. மார்க்கெட்டில் இருந்து ஐந்தரைக்கு வருகிறார், கேட்டைத் திறக்கிறார், சங்குத் திண்ணையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு மல்லிகையை எடுத்துக் கட்டத் தொடங்குகிறார்.